உறங்கியவரின் சாட்சியம்

ஆழ்ந்து தூங்குகிற ஒருவருக்குத் தம் தூக்கத்தைப் பற்றி என்ன தெரியும் என்பது வேதாந்தத்தின் பழைய கேள்விகளில் ஒன்று. விழித்தவர் ‘சுகமாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை’ என்கிறார். ஒன்றும் தெரியாதவருக்குச் சுகம் மட்டும் எப்படித் தெரிந்தது? மனம் ஒடுங்கிய பிறகும் சாட்சியான உணர்வு அணையாமல் இருந்ததால்தான் சுகமும் அறியாமையும் நினைவுக்கு வருகின்றன என்கிறது அத்வைதம். வெறும் உணர்வு என்று நிறுத்த முடியாது, ‘நான்’ என்பவனே தூக்கத்திலும் இருக்கிறான் என்று ஸ்ரீபாஷ்யத்தில் வாதிடுகிறார் ராமாநுஜர். நியாய மரபினர் இரண்டையும் ஏற்பதில்லை. ஆழ்ந்த தூக்கத்தில் எந்த அறிவும் கிடையாது; விழித்தபின் உடல் இலேசாக இருப்பதைக் கொண்டு, நன்றாகத் தூங்கியதாக ஊகிக்கிறோம் என்பது அவர்கள் கட்சி.

இந்தக் கேள்வியைத் திருப்பதியை வைத்து யோசிப்பது பொருத்தம். ராமாநுஜர் திருமலைநம்பியிடம் ஓராண்டு ராமாயணம் கேட்டது இங்கேதான். கீழ்த்திருப்பதியில் பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராஜரைப் பிரதிஷ்டை செய்தவரும் அவரே என்பது மரபு. மலைமேல் மூலவர் நின்ற திருக்கோலம். அவருக்காகப் போக ஸ்ரீநிவாச மூர்த்தியை இரவு ஏகாந்த சேவையில் கட்டிலில் கிடத்தித் தாலாட்டுகிறார்கள், விடியுமுன் சுப்ரபாதம் பாடி எழுப்புகிறார்கள். ஊத்துக்கோட்டைக்கு அருகே, 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த சுருட்டப்பள்ளியில் சிவனே படுத்திருக்கிறார். ஆலகாலத்தைத் தொண்டையில் நிறுத்திய களைப்பில் அம்பிகையின் மடியில் தலை சாய்த்ததாகத் தலபுராணம். தெய்வம் உறங்குவதற்கு வைணவம் தரும் விளக்கம் அறிதுயில்: கண் மூடியிருந்தாலும் அறிவு மூடாது. மனிதருக்கு அது வாய்க்கவில்லை. தம் குறட்டையே தமக்குக் கேட்பதில்லை.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து மூச்சுப்பாதை குறுகும். அந்த நெருக்கத்தில் போகும் காற்று மெல்லண்ணத்தை அதிரவைப்பதே குறட்டை. பாதை அடைபட்டு 10 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அது ஸ்லீப் ஆப்னியா. மூச்சு நிற்பதும் மிகவும் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 முறைக்குள் இருந்தால் இயல்பு. 30 முறைக்கு மேல் போனால் நோய் கடுமையானது. ஒவ்வொரு தடவையும் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை ஒரு கணம் விழித்து மூச்சை மீட்கிறது. அந்த விழிப்புகள் பெரும்பாலும் நினைவில் தங்குவதில்லை. அதனால் காலையில் நோயாளியும் ‘நன்றாகத் தூங்கினேன்’ என்று மனதாரவே சொல்லலாம். பகலில் வண்டி ஓட்டும்போது கண் செருகுகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது.

நேற்றிரவு படுத்தவனும் இன்று எழுந்தவனும் ஒருவனே என்பதை நிறுவ ராமாநுஜர் சொன்ன வாதத்துக்கு இந்த நோயால் பழுதில்லை. இரவு எப்படிக் கழிந்தது என்பதற்கு மட்டும் உறங்கியவரின் சொல் போதாது. இந்த ஒரு விஷயத்தில் நியாய மரபே வலுவாக நிற்கிறது. உடலைப் பார்த்து ஊகிக்கச் சொல்கிறது அது. மருத்துவர் செய்வதும் அதுதான். பிருகதாரண்யக உபநிடதத்தில் அரசர் அஜாதசத்ரு கார்க்கியரை உறங்கும் ஒருவனிடம் அழைத்துப்போய், அவனைக் கையால் தட்டி எழுப்பிக் காட்டித்தான் பாடம் சொல்கிறார். புலன்கள் ஓய்ந்த பிறகு இந்த உடம்பில் விழித்திருப்பது பிராணன் என்கிறது பிரச்ன உபநிடதம். அந்தக் காவலுக்கே இடையூறு வந்தபின் அதைச் சுகமான தூக்கம் என்று கொள்ள முடியாது.

இடையூறை நீக்கும் வழிகளில் ஒன்று, பல் மருத்துவர் செய்து தரும் தாடைக் கருவி. மேல், கீழ்ப் பல்வரிசைகளுக்கு அச்சு எடுத்து, அவரவர் வாய்க்கு அளவாக உறைகள் செய்வார்கள். இரவில் அணிந்துகொண்டால் கீழ்த்தாடை சில மில்லிமீட்டர் முன்னே வந்து நிற்கும், நாக்கும் கூடவே வரும், மூச்சுப்பாதை விரியும். முன்னே நகர்த்தும் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சரிபார்க்க வேண்டும். கடுமையான நோய்க்கு முதல் தேர்வு, 1981 இல் ஆஸ்திரேலியாவில் கோலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய சி-பாப். அது முகமூடி வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்துவது. அதைத் தாங்க முடியாதவர்களுக்கும் நோய் கடுமையாகாதவர்களுக்கும் தாடைக் கருவி உதவும். தாடை மூட்டில் வலி வரலாம், எச்சில் அதிகம் ஊறலாம், ஆண்டுக்கணக்கில் அணிந்தால் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதமும் மாறலாம். ஆகவே மருத்துவர் தொடர்ந்து கண்காணிப்பது அவசியம்.

அழியும் உடம்புக்கு இத்தனை உபசாரம் எதற்கு என்ற ஆட்சேபம் நிற்காது. தூக்கம் தேவையில்லாத மூர்த்திக்கே கட்டிலும் தாலாட்டும் கொடுக்கிற மரபு, தூக்கம் தேவைப்படும் உடம்பை அலட்சியப்படுத்தச் சொல்லாது. ராமாநுஜ தரிசனத்தில் உயிர்களும் உலகும் இறைவனின் உடல். மனித உடம்பும் அதில் அடக்கம். உடம்பைப் பேணுவதை ஆன்மிகத்தின் பகுதியாகவே கருதியவர் திருமூலர்.

குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறது என்று வீட்டில் இருப்பவர்கள் சொன்னால் மறுத்துப் பேசாமல் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எந்தக் கருவி என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.