புறாத்தீவின் நியாயம்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் கிடக்கும் புறாத்தீவையும் அதைச் சூழ்ந்த முருகைக்கற் பாறைகளையும், 1963 ஆம் ஆண்டில் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அரசு பிரகடனம் செய்தது. அதன்படி அங்கே மீன் பிடித்தல் குற்றம். சீட்டு வாங்கி நீந்துதல் குற்றமன்று. தலைமுறை தலைமுறையாக அக்கடலை நம்பி வாழ்ந்தவனை விலக்கி, ஒரு பகற்பொழுதின் உல்லாசத்துக்காக வருபவரை வரவேற்கும் இவ்வேற்பாடு தர்மத்துக்கு உடன்பட்டதுதானா?

விலக்கு என்பது தன்னளவில் நியாயமானதே. கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் சிற்றுயிர்கள், தம் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி சூரிய ஒளியில் ஆக்கித் தரும் உணவை உண்டு, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துக் கட்டுகின்ற இப்பாறைகளில், திரண்டு வளரும் இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே உயர்வதால், ஓராள் உயரக் குன்று எழுவதற்கு ஒரு நூற்றாண்டு போதாது. அதைத் தகர்க்க டைனமைற் வெடிக்கு ஒரு கணம் போதும். வெடியில் மாண்ட மீன்களில் ஒரு பகுதியே மிதந்து வள்ளத்தைச் சேர, எஞ்சியவை அடியில் தாழ்ந்து வீணாகின்றன, குஞ்சுகளும் தப்புவதில்லை, நொறுங்கிய கற்கள் வாடைக்காற்றுக் காலத்து அலைகளில் ஓயாது உருள்வதால் புதிய உயிர்கள் அவற்றில் பற்றிக்கொள்ளவும் இயலாது. வறுமையே வெடியை ஏந்தச் செய்தது என்பார் கூற்று இரக்கத்துக்குரியது, ஆயினும் ஏற்கத்தக்கதன்று. ஏனெனில் அவ்வெடி பறிப்பது செல்வரின் உடைமையையன்று, அதே கரையில் தூண்டிலும் சிறுவலையும் கொண்டு பிழைக்கும் இன்னோர் ஏழையின் நாளைய உணவை.

ஆனால் பசியின் சமாதானத்தைக்கூடச் சொல்ல இயலாதவர் ஒருவர் இருக்கிறார். 2009 இல் யுத்தம் முடிந்தபின் பெருகிய பயணிகள், கெட்ட எண்ணம் ஏதுமின்றியே, ஆழமற்ற நீரில் இளைப்பாறக் கால் ஊன்றுகின்றனர். ஒரு பாதம் முறிப்பது ஒரு கிளையாகலாம்; நாள்தோறும் வந்துசேரும் பாதங்களோ பலப்பல. அழிவின் அளவைக் கொண்டு குற்றத்தை நிறுப்பதே முறையாயின், வலைக்கு ஒரு நீதியும் சீட்டுக்கு ஒரு நீதியும் எங்ஙனம் பொருந்தும்?

1998 இல் இந்து சமுத்திரம் வெப்பமுற்றபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக் கடலிலும் முருகைக்கற்கள் வெளிறிப் பெருமளவு மாண்டன. திருகோணமலைப் பாறைகள் பெரும்பாலும் தப்பின. தூரதேசங்களின் புகைபோக்கிகளே முதற் குற்றவாளிகளாயிருக்க, உள்ளூர்க் கட்டுப்பாடு எதற்கு என்று வினவுவோரும் உளர். நம் கைக்கெட்டாத தீங்கு பெரிதென்பது, கைக்கெட்டியதைச் செய்யாதிருக்க அனுமதியாகாது. தப்பிப் பிழைத்த ஒன்றின் மேல் மேலும் காயம் செய்யாதிருத்தல் நம்மால் இயல்வது.

ஆகவே வெடி முற்றாக ஒழிய வேண்டும்; பயணிகளுக்கும் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும், பாறை இளைப்பாறச் சில மாத ஓய்வும் விதிக்கப்பட வேண்டும்; கடலை இழந்த குடும்பங்களுக்குச் சீட்டுப் பணத்தில் முதல் பங்கு சேர வேண்டும். அவ்வரம்பை நிர்ணயிக்கும் சபையில் அதிகாரிகளோடும் விடுதி உரிமையாளரோடும் நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிக் கடற்றொழிலாளரும் சமமாக அமர்ந்து வாக்களிக்க வேண்டும்.