எல்லோருக்கும் தேர்ச்சி

2021 பிப்ரவரி 25ஆம் தேதி, ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவரும் தேர்வின்றித் தேர்ச்சி என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள ஒரு சின்ன உயர்நிலைப்பள்ளியில் அப்போது நான் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். கொரோனாவால் பத்து மாதம் பூட்டிக் கிடந்த பிறகு ஜனவரி 19இல்தான் திறந்திருந்தோம். அறைக்கு 25 பேருக்கு மேல் கூடாது என்பது விதி. எங்கள் பத்தாம் வகுப்பு மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும். மார்ச் 22இல் மறுபடியும் மூடச் சொன்னார்கள். ஆண்டு விழா இல்லை, ஹால் டிக்கெட் இல்லை, கல்வியாண்டு முடிந்துபோனது.

அறிவிப்புக்கு மறுநாள் பையன்கள் துள்ளினார்கள். ஒரு பெண் மட்டும் முகம் கொடுக்கவில்லை. "அவனும் பாஸு, நானும் பாஸு. அப்பம் நான் எதுக்கு டீச்சர் படிச்சேன்?" என்றாள். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓட, இவள் மடியில் தட்டை வைத்து இலை வெட்டிக்கொண்டே கேட்பாள். ராத்திரி உட்கார்ந்து எழுதிப் பார்ப்பாள். அவள் சொன்ன 'அவன்' அந்தப் பத்து மாதமும் அப்பாவோடு செங்கல் சூளையில் இருந்தவன். புத்தகத்தைப் பிரிக்க அவனுக்கு நேரமில்லை.

தகுதிக்கு மேல் கிடைப்பது நியாயமா என்பது பள்ளிக்கூடத்தில் பிறந்த கேள்வியல்ல. மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வருகிறார். விடியலில் வந்தவருக்கும் சாயங்காலம் வந்தவருக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். வெயிலில் காய்ந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பேசிய கூலி உங்களுக்குக் குறையவில்லையே என்பது அவர் பதில். சூளைப் பையனுக்கு இந்தக் கதை முழுக்கப் பொருந்தும். அவன் சோம்பலால் பிந்தியவனல்ல; வேலைக்குக் கூப்பிட ஆளில்லாமல் சந்தையில் நின்றவர்களைப் போன்றவன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இது பதிலாகாது. அவளுக்குப் பேசிய கூலி மதிப்பெண். அந்த ஆண்டுச் சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை, 'தேர்ச்சி' என்ற சொல் மட்டும்தான். படித்தது உன்னிடம்தானே இருக்கிறது, பலனை எதிர்பாராதே என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் இழந்தது இழப்புதான். அருள் என்று பெயர் சொல்லி அதை மூடக் கூடாது.

இறைவன் அருளுக்கு உயிர் முயல வேண்டுமா என்று, வைணவத்தின் இரு பிரிவுகளுக்குள் இதே வழக்கு எழுநூறு ஆண்டுகளாக நடக்கிறது. குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும், குரங்குக்குட்டி போல என்பது வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலை. பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலை. எங்கள் ராமநதித் தண்ணீர் போய்ச் சேரும் தாமிரபரணிக் கரையில், ஆழ்வார்திருநகரியில் பிறந்த மணவாள மாமுனிகள் அந்தத் தென்கலையின் பேராசான். நான் சிவன் கோயிலுக்குப் போகிற குடும்பம். பக்குவம் வந்த உயிருக்குத்தான் அருள் பதியும் என்று கேட்டு வளர்ந்தவள். அப்படியும் அந்த ஆண்டு என் மனம் பூனையின் பக்கம்தான் சாய்ந்தது. பிடித்துக்கொள்ளக் கையில் வலுவில்லாத பிள்ளைகளிடம் பிடித்துக்கொள் என்று சொல்வது அறமாகாது.

ஆனால் பூனை, குட்டியைக் கவ்வி எடுத்து நடுத்தெருவில் போட்டுவிட்டுப் போவதில்லை. பத்திரமான இடம் சேரும்வரை வாயை விடாது. நாம் செய்தது என்ன? தேர்ச்சி கொடுத்தோம், கொடுத்ததோடு கையை உதறினோம். அக்டோபரில் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியது; மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் தெருத்தெருவாகச் சொல்லிக்கொடுத்தார்கள், நல்ல வேலை. ஆனால் அது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். பத்தாம் வகுப்பைத் தாண்டிவிட்ட என் பிள்ளைகளுக்கு அப்படி எவரும் வரவில்லை. அந்தப் பையன் பதினொன்றில் சேர்ந்து, கணக்குப் பாடம் புரியாமல் பாதியில் நின்று, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். இவனுக்கு இலவசமாகப் பாஸ் போட்டதே தப்பு என்று பேசுகிறவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாஸ் போட்டது சரி. அதன் பிறகு வர வேண்டியதுதான் வரவில்லை. பெற்றவனைவிடக் கொடுத்தவரைத்தான் அருள் அதிகம் கடமைப்படுத்துகிறது. சூளைப் பையனுக்கு ஓராண்டுப் பாடம், அந்தப் பெண்ணுக்கு அவள் உழைப்பைக் காட்ட ஒரு வாய்ப்பு: இரண்டையும் நாம் கொடுக்கவில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு இன்று இருபது வயது தாண்டிவிட்டது. வேலை கேட்டுப் போகிற இடத்தில் சான்றிதழைப் புரட்டி, "கொரோனா பாஸா?" என்று சிரிக்கிறார்களாம். வேலை கொடுக்கும் நிலையில் இருக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைக்குத் தெரியாததைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்.