விற்றவர் சொல்லாமல் விட்டது

பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு (ஆமோஸ் 8:4-7, லூக்கா 16:1-13)



முதல் வாசகத்தில் பேசிய ஆமோஸ் தெக்கோவா ஊரில் ஆடு மேய்த்தவர், காட்டு அத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டவர். சந்தை எப்படி நடக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மரக்காலைச் சிறிதாக்குகிறவர்கள், எடைக்கல்லைப் பெரிதாக்குகிறவர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லி வந்து, கடைசியில் பதரைக் கோதுமை என்று விற்கிறவர்களிடம் வந்து நிற்கிறார். இவர்கள் ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்தவர்கள். அப்படியென்றால், ஓய்வுநாளைத் தவறாமல் கடைப்பிடித்தவர்கள். என்னை உறுத்துவது அதுதான். இவர்கள் கோவிலுக்கு வராதவர்கள் அல்லர்.

இன்று அந்தப் பதர் எங்கே இருக்கிறது? பளபளவென்று துடைத்து நிறுத்திய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினுக்குள்ளும் இருக்கலாம். நம் பிள்ளைகளில் சிலருக்கு அந்த வண்டி ஓர் ஆசை. புதிதாக வாங்க வசதியில்லை. கடன் வாங்கி, அம்மாவின் நகையை அடகு வைத்து, செகண்ட் ஹேண்டில் ஒன்றை எடுக்கிறார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லப்போவதில்லை. அவர்களுக்கு விற்கிறவரைப் பற்றியே இன்று பேசவேண்டும்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தது தெரியாமல் சாவியைத் திருப்பினால் என்ன ஆகும் என்பதை அந்த நாள்களில் பலர் கற்றுக்கொண்டார்கள். பிஸ்டன் அழுத்தினால் காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. எனவே கனெக்டிங் ராடு வளைகிறது. கொஞ்சமாக வளைந்திருந்தால் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். காப்பீட்டு நிறுவனங்கள் முழுச்சேதம் என்று கணக்கெழுதி ஏலம் விட்ட வண்டிகளில் சில, காயவைக்கப்பட்டு, சீட்டும் தரைவிரிப்பும் மாற்றப்பட்டு, வெளியூர்களில் நல்ல வண்டி என்று விலைபோனதைத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

இப்படி விற்கிறவர்களுக்குக் குறையை மறைக்கும் வழிகளும் தெரியும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் சில சத்தங்கள் கேட்கும் என்பதால், வாங்க வருகிறவர் வருமுன்பே அதை ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள். தட்டும் சத்தம் அடங்க, கெட்டியான ஆயில் ஊற்றுவார்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போட்டு அழித்துவிடுவார்கள். சில நாள் ஓட்டிய பிறகு அது மறுபடி எரியும், அதற்குள் ஆர்.சி. பெயர் மாறியிருக்கும். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இன்ஜினைச் சோதித்துப் பார்க்காமல் அதன் நலத்தைச் சொல்ல முடியாது என்பதை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

2018 ஆகஸ்டு 22 இரவு, 1836இல் கட்டிய முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் உடைந்து போனதை நம் ஊர் மறக்கவில்லை. காவிரியில் வெள்ளம் பெருகிய நாள்களில்தான் அணையின் பலவீனம் வெளியே தெரிந்தது. இந்த வண்டியும் அப்படியே. தெருவுக்குள் மெல்ல ஓட்டினால் ஒன்றும் தெரியாது. சமயபுரம் தாண்டி நெடுஞ்சாலையில் மிதிக்கும்போது, வளைந்த ராடு உடைந்து இன்ஜினின் பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். கொட்டும் ஆயில் சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கலாம். வாங்கினவருக்குப் பணநஷ்டம் மட்டும் என்று விற்கிறவர் நினைத்துக்கொள்கிறார். உள்ளே உட்கார்ந்திருப்பது ஓர் உயிர்.

13ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் தமது பெரும் இறையியல் நூலில் இதை ஒரு தனிக் கேள்வியாக எடுத்துக்கொண்டார்: பொருளின் குறையை விற்பவர் சொல்லியே ஆகவேண்டுமா? குறை கண்ணுக்குத் தெரிந்து, அதற்கேற்ப விலையும் குறைந்திருந்தால், தனியே சொல்லவேண்டியதில்லை என்கிறார். மறைந்திருக்கும் குறை, வாங்குபவருக்கு நஷ்டத்தையோ ஆபத்தையோ கொண்டுவரும் என்றால், சொல்லாமல் விற்பது பாவம். அவர் தரும் உதாரணங்களில் ஒன்று, நொண்டிக் குதிரையை வேகக் குதிரை என்று விற்பது. ஸ்போர்ட்ஸ் கார் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதன் வழக்கு தீர்க்கப்பட்டுவிட்டது.

நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும் ஒரு குதிரை வருகிறது. குறையைத் திட்டமிட்டு மூடி மறைத்தால் அது மோசடி என்கிறது 17ஆம் பிரிவு. ஆனால் வெறுமனே வாய் திறக்காமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்றவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அது மோசடி அல்ல. அடுத்த உதாரணத்தில், வாங்குகிறவர் அப்போதுதான் சட்டப்படி வயது நிறைந்த, விற்பவருடைய சொந்த மகள். இப்போது விற்பவர் பேசியே ஆகவேண்டும். உறவு அந்தக் கடமையைக் கொண்டுவருகிறது.

அன்பானவர்களே, அந்தப் பிரிவு அதற்குமேல் போகாது. ஒரே தந்தையை நோக்கி இந்தப் பீடத்தைச் சுற்றி நின்று செபிக்கிற நமக்கு, வாங்க வருகிற ஒவ்வொருவரும் அந்த மகள்தான். திருவெறும்பூரிலிருந்து வந்தாலும் சரி, முன்பின் தெரியாத கேரளத்துக்காரர் ஆனாலும் சரி.

ஏமாந்து வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு வரும் சோதனை பெரியது. "பேசாமல் இன்னொருத்தர் தலையில் கட்டிவிடுங்க" என்று புரோக்கரே சொல்வார். கட்டாதீர்கள். வேறொரு நல்ல ஒர்க்ஷாப்பில் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து, என்ன சேதம் என்று எழுதி வாங்குங்கள். பிறகு மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன வரிசையில் போங்கள்: முதலில் விற்றவரிடம் தனியாக, பிறகு ஓரிருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு. அதற்கும் இணங்காவிட்டால், விற்றவர் வியாபாரி என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். நியாயம் கேட்பது மன்னிப்புக்கு எதிரானது அல்ல.

விற்றவர் இங்கே இருந்தால், அவரிடம் இன்னும் கொஞ்சம் பேசவேண்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள், கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் பணத்தை வைத்துக்கொண்டு மனச்சுமையை மட்டும் இறக்கிவிட்டுப் போக வராதீர்கள். எண்ணிக்கை நூலின் 5ஆம் அதிகாரத்தில், பாவத்தை அறிக்கையிடுவதும், எடுத்ததை ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் திருப்பித் தருவதும் ஒரே கட்டளையாக வருகின்றன. சக்கேயு அதையும் தாண்டி நான்கு மடங்கு தருவதாகச் சொன்னார். ஊரே பாவி என்று ஒதுக்கிய அவரை ஆபிரகாமின் மகன் என்று உறவு சொல்லி அழைத்தார் இயேசு.

மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் தவணையில் கொடுங்கள். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது இன்ஜின் வேலைக்கான செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். இன்றைய நற்செய்தியில் வந்த வீட்டுப் பொறுப்பாளர், வேலை போகப்போகிறது என்று தெரிந்தவுடன் கடன்பட்டவர்களை ஒவ்வொருவராக அழைத்து, உடனே உட்கார்ந்து எழுதச் சொன்னார். அந்த வேகம் உங்களுக்கும் வேண்டும். வாங்கினவரின் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் கூப்பிட்டு, வண்டியை இனி வேகமாக ஓட்டவேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். பணக்கணக்கை அதன்பின் பேசிக்கொள்ளலாம்.