மேசையும் அமானிதமும்

கடையை ஒழுங்காக வைத்திருக்கும் வணிகர் பலர், வீட்டில் கணக்கெழுதும் மேசையை அவ்வாறு வைத்திருப்பதில்லை. கடையில் அரிசி ஒரு புறம், பருப்பு ஒரு புறம், பிஸ்கட் டின்கள் ஒரு புறம் என்று அடுக்குகிறோம். வாடிக்கையாளர் பார்ப்பார் என்பது தெரியும். வீட்டு மேசையை எவரும் பார்ப்பதில்லை. ஆகவே அது குவிந்துகொண்டே போகிறது. பார்ப்பவர் இல்லாத இடத்தில் ஒருவன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதே அவனது ஒழுக்கத்திற்கு உரைகல் என்பர். அப்படியானால் இந்த மேசையைப் பற்றிச் சற்றுச் சிந்திப்பது வீண் வேலையாகாது.

கேமரன் மலையில் தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் ஆகிய ஊர்களில் கீழே கடையும் மேலே வீடுமாக வாழ்கின்ற நம்மவர் நிலையை எடுத்துக்கொள்வோம். இரவு கடையை அடைத்த பிறகுதான் கணக்கு வேலை வீட்டில் தொடங்குகிறது. மேசையில் என்ன இருக்கிறது? சரக்கு அனுப்பியவரின் விலைச்சீட்டு, பேங்கிலிருந்து வந்த கடிதம், தோட்டத்து மக்களின் பற்று எழுதும் 555 புத்தகங்கள், 2015 ஏப்ரலில் வந்து 2018இல் நீங்கிய ஜி.எஸ்.டி. காலத்துக் காகிதங்கள், ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டு, உடைந்த கைப்பேசி. இவற்றின் மேல் ஒரு தேநீர்க் கோப்பை!

மலையின் காற்றும் இதற்குத் துணை செய்வதில்லை. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. மழையும் மூடுபனியும் மிகுந்த இவ்விடத்தில், காற்றுப் படாமல் குவிந்து கிடக்கும் காகிதம் ஈரம் ஏறி, பூஞ்சணம் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போகிறது. இயந்திரம் அச்சிட்டுத் தரும் வழவழப்பான ரசீதிலோ எழுத்துகள் தாமாகவே மங்கி மறைகின்றன. குவியலில் போட்டுவைத்த காகிதத்தைப் பத்திரமாக இருப்பதாக நாம் எண்ணுகிறோம். அது மெள்ள மெள்ள அழிந்துகொண்டிருக்கிறது.

“என் வீடு, என் மேசை, அது எப்படி இருந்தால் பிறருக்கென்ன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மேசை நம்முடையது. ஆனால் அதன் மேல் உள்ளவை யாருடையவை? தோட்டத் தொழிலாளி ஒருவர் சம்பள நாளில் தம் பற்றைத் தீர்த்துவிட்டுப் போகிறார். அதை உடனே அடித்து எழுதாமல் துண்டுத்தாளில் குறித்துக் குவியலில் போட்டுவிட்டால், அடுத்த மாதம் அதே தொகையை மறுபடியும் கேட்போம். அவரிடமோ ரசீது கிடையாது. நம் வாக்கை நம்பி இரண்டாம் முறையும் கொடுத்துவிடுவார். நமக்குத் திருடும் எண்ணம் சிறிதும் இல்லை. எனினும் அவருடைய பொருள் நம்மிடம் வந்துவிட்டது. சரக்கு அனுப்பியவரின் சீட்டு அடியில் புதைந்தால், அவருக்குரிய பணம் தாமதமாகிறது. அடுத்த வீட்டுக்காரர் பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்த நிலப் பத்திரமும், சங்கத்துக்காக வசூலித்த சந்தாவின் அடிக்கட்டையும் அங்கேதான் கிடக்கின்றன. எண்ணிப் பார்த்தால் அம்மேசையில் நமக்கே உரியது அந்தத் தேநீர்க் கோப்பை ஒன்றுதான். மற்றவற்றில் பெரும்பகுதி அமானிதம்.

திருமறையின் மிக நீண்ட ஆயத்து எதைப் பற்றியது என்பதை ஆலிம்களிடம் பலமுறை கேட்டிருக்கிறோம். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் ஆயத்தாகிய அது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. எழுதுவது எதற்காக? வேண்டும்போது எடுத்துப் பார்ப்பதற்காக அல்லவா! எழுதியதைத் தொலைத்துவிட்டால் எழுதாததற்கும் அதற்கும் வேற்றுமை என்ன?

“குவியலாகத் தோன்றினாலும் எது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்” என்று சொல்வோரும் உண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் ஒழுங்கு அவரோடு மண்ணுக்குள் போய்விடும். மௌத்தானவரின் சொத்தை வாரிசுகள் பங்கிடுமுன் அவருடைய கடன்களைத் தீர்க்க வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டம். எவருக்கு எவ்வளவு என்பதே தெரியாவிட்டால் மனைவி மக்கள் எதைத் தீர்ப்பார்கள்? கடன்காரர் என்று வருகிறவரையெல்லாம் நம்புவதா, மறுப்பதா? வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் உடையவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அறிவுறுத்தியிருப்பதன் கருத்து இங்கே விளங்கும்.

கி.பி. 622இல் நடந்த ஹிஜ்ரத்தையும் எண்ணிப் பார்ப்போம். மக்காவில் நாயகம் அவர்களைப் பகைத்தவர்களுங்கூடத் தங்கள் பொருள்களை அவர்களிடமே ஒப்படைத்திருந்தனர். உயிருக்கே ஆபத்து சூழ்ந்த அந்த இரவில், அப்பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை அலீ ரலியல்லாஹு அன்ஹு அவர்களிடம் விட்டுச் சென்றார்கள். அலீ அவர்களும் சில நாட்கள் தங்கி, அவரவர் பொருளை அவரவரிடம் கொடுத்துவிட்டே மதீனாவுக்குப் புறப்பட்டார்கள். எது எவருடையது என்று தெளிவாக இருந்தாலன்றி இன்னொருவர் அதை நிறைவேற்றியிருக்க முடியுமா? நாம் இல்லாதபோதும் இன்னொருவர் எடுத்து நடத்தக்கூடிய நிலையில் இருப்பதே ஒழுங்கு. அழகு அதற்குப் பின்னால்தான்.

“வீட்டில் இடமில்லை” என்பது மற்றொரு சாக்கு. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் பினாங்கிலும் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளை மூத்த வணிகர்கள் அறிவார்கள். ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டகம், உட்காரச் சிறிது இடம். பகலில் தொழில் செய்த அதே இடத்தில்தான் இரவில் படுக்கை. அந்தச் சிற்றிடத்திலிருந்து பேரேடும் ஐந்தொகையும் பிசகாமல் ஓடின. அவர்களுடைய வட்டித் தொழில் நமக்கு ஆகாதது. கணக்கொழுங்கு நாம் கற்கத்தக்கது.

நம் கண்ணெதிரே உள்ள தேயிலைத் தோட்டங்களும் இதைத்தான் போதிக்கின்றன. 1929இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் இம்மலையில் நடந்துவரும் வேலையைப் பாருங்கள். கவ்வாத்துச் செய்யாமல் விட்ட தேயிலைச் செடி மரமாக ஓங்கிவிடும். கொழுந்து கைக்கு எட்டாது. ஆலையிலோ வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தியபின் தூளைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். மிகப் பொடியான தூளுக்கும் தனிச் சாக்கு உண்டு, தனி விலை உண்டு. பிரிக்காமல் கலந்து கட்டினால் நல்ல தூளும் விலை இழக்கும்.

நம் காகிதங்களையும் அவ்வாறே சலிக்கலாம். பிறருக்கு நாம் கொடுக்க வேண்டியவை முதற்கட்டு. பிறர் நம்மிடம் ஒப்படைத்தவை இரண்டாவது. நமக்கு வரவேண்டியவை மூன்றாவது. சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை நான்காவது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வணிகக் கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. நிலப் பத்திரமும் வஸிய்யத்தும் என்றும் காக்கத்தக்கவை. எஞ்சியவற்றைக் கிழித்தெறியத் தயங்க வேண்டாம். பிறர் பெயரும் கணக்கு எண்ணும் உள்ளவற்றை மட்டும் படிக்க முடியாதபடி கிழிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களும் கடன் குறிப்புகளும் இக்காலத்துத் துண்டுத்தாள்களே. அவற்றையும் அன்றன்றே புத்தகத்தில் ஏற்றிவிட வேண்டும். இந்நான்கு கட்டுகளும் இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவருக்கேனும் காட்டி வைப்பது மிக அவசியம். ஸக்காத்துக்கு ஆண்டுக் கணக்குப் பார்க்கும் வேளையை இதற்கென்று வைத்துக்கொண்டால் மறதிக்கு இடமிராது.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. மேசை பளிச்சென்று இருப்பதனால் மனிதன் நேர்மையாளன் ஆகிவிடுவதில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், அதன் சீட்டை அழகிய உறையில் போட்டு அடுக்கி வைப்பவனைவிட, குவியலைக் கிளறித் தேடியெடுத்துக் கடனைத் தீர்ப்பவன் மேலானவன். ஒழுங்கு ஒரு பாத்திரம். அதில் நிறைய வேண்டியது நாணயம். ஆயினும் ஓட்டைப் பாத்திரத்தில் நாணயத்தை நெடுநாள் காக்க இயலாது.

சகோதரர்களே! நம் கணக்கை நாம் இங்கே பார்த்துக்கொள்வது எளிது. அங்கே பார்க்கப்படும் கணக்கு கடினமானது. இன்றிரவே ஒரு கட்டையாவது பிரிப்போம். பிறர் பொருளைப் பிறரிடம் சேர்ப்பிக்கும் நல்ல நெஞ்சத்தையும், அதற்கான ஒழுங்கையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!