கொல்லைப்புறத்துச் சிருஷ்டிகள்



மே மாதம் தேவமாதாவின் வணக்கமாதம். சாயந்தரந்தோறும் நம் பிள்ளைகள் மாதா பீடத்துக்குப் பூக் கொண்டு வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் அந்தப் பூவில் யார் வந்து தேன் குடித்துப் போனார்கள் என்று கேட்டால், பிள்ளைக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது.

நமது ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் ஆகாயத்துப் பறவைகளையும் வயல் மலர்களையும் காட்டிப் போதித்தார் (அர்ச். மத்தேயு, 6-ம் அதிகாரம்). கவலைப்பட வேண்டாம் என்ற பாதியை நாம் மனப்பாடம் செய்துகொண்டோம். கவனித்துப் பாருங்கள் என்ற பாதியை விட்டுவிட்டோம்.

பார்க்கத் தெரியாத ஊரா இது? நமது கடலில் 1961-ல் நடந்த கடைசிச் சலாபம் வரையிலும், மூச்சடக்கி மூழ்கி, கடலடியில் சிப்பியைத் தேடி எடுத்த கண்கள் இவ்வூர்க் கண்கள். அவைகளுக்கு முற்றத்துப் பூவரசு தெரியாமற் போகலாமா? உப்புக் காற்றுக்கு அஞ்சாத மரம் அது. மஞ்சளாய் விரியும் அதன் பூ வாடும்போது சிவந்துவிடுகிறது.

செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டைப் பாருங்கள். விரல் நீளம்தான் இருக்கும். நாரையும் சருகையும் சிலந்தி நூலால் பிணைத்து, சிறு பைபோலத் தொங்கும் கூட்டைக் கட்டுகிறது. பக்கத்தில் ஒரு வாசல், வாசலுக்கு மேலே ஒரு தாழ்வாரம்! நம் கொத்தனார் யாரிடம் படித்தாரோ?

தேன்சிட்டு தேன் குடித்தாலும், குஞ்சுக்குக் கொடுப்பது பூச்சியும் சிலந்தியுமே. ஆகையால் செடியெங்கும் மருந்தடித்த வீட்டில் குஞ்சு பட்டினி கிடக்கும். எலுமிச்சைக் கன்றிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் போல ஒரு புழு ஒட்டியிருக்கும், வளர்ந்தபின் பச்சையாகும். பிள்ளை செருப்பைத் தேடுகிறான். தடுங்கள். சில நாளில் அது வண்ணத்துப்பூச்சியாய்ப் பறக்கும். தின்ற இலை மறுபடி தளிர்க்கும். புழுவுக்கு இரங்குவதா என்று சிரிக்க வேண்டாம். வழியில் கிடந்த புழு மிதிபடாதபடி அர்ச். அசிசி பிரான்சிஸ்கு எடுத்து ஓரமாய் விட்டார் என்று அவருடைய சரித்திரத்தில் வாசிக்கிறோம். அவரைத்தான் 1979-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் சுற்றுச்சூழலைப் பேணுவோருக்குப் பாதுகாவலராக நியமித்தார்.

நமக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். உப்பளத்துக்கு உகந்த இந்த வெயில், குருவிக்கும் அணிலுக்கும் கொடியது. தண்ணீரை விலை கொடுத்து வாங்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அவர்களிடம் இதைச் சொல்ல நாக் கூசுகிறது. ஆனாலும் ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். தேனீ நின்று குடிக்க அதில் ஒரு கூழாங்கல்லும் போடுங்கள். தினமும் நீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். செடிக்கு அரிசி களைந்த நீரே தாராளம்.

பிள்ளைகளே, பூப் பறிக்கையில் செடியை மொட்டையடிக்காதீர்கள். பாதியை விட்டு வையுங்கள், மாதா கோபிக்கமாட்டார்கள். இந்த வாரம் உங்கள் கொல்லையில் கண்ட ஒரு பறவையையோ பூச்சியையோ ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் வந்து சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நிறத்தையும் அது செய்த வேலையையும் சொன்னால் போதும்.