குரலுக்கு உரியவள்

பணம் கொடுத்து, முறையான உரிமத்தோடு வாங்கிய ஒரு பெண்குரலை என் விருப்பம்போல் வெட்டி ஒட்டிப் பயன்படுத்துவதில் அறம் சார்ந்த சிக்கல் ஏதும் உண்டா? சட்டத்தைக் கேட்டால் இல்லை என்று சொல்லும். வீட்டுக் கணினியில் நடன இசை செய்யத் தொடங்கிய இந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

இசை செய்யாத தோழிகளுக்காகச் சிறு விளக்கம். ஹவுஸ் போன்ற நடன இசையை வீட்டிலிருந்து செய்பவர்கள் எல்லாவற்றையும் தாங்களே வாசித்துப் பதிவு செய்வதில்லை. ‘சாம்பிள் பேக்’ என்று ஒலித்துணுக்குகளின் தொகுப்புகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. டிரம்மின் ஒற்றை அடி, சில விநாடி பேஸ், ஒரு பெண்ணின் ‘ஓ’ என்ற இழுப்பு எல்லாம் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். பெரும்பாலானவை ‘ராயல்டி ஃப்ரீ’. ஒருமுறை விலை கொடுத்தால் போதும். பாட்டு எவ்வளவு ஓடினாலும் மேற்கொண்டு யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.

தேர்ந்தெடுக்கத் தொழில்நுட்ப அளவுகோல்கள் உண்டு. வேகம் பொருந்துகிறதா (ஹவுஸுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 130 துடிப்பு), சுருதி குறித்திருக்கிறார்களா, எதிரொலி சேர்க்காத பதிவும் இருக்கிறதா என்று பார்க்கலாம். இவை சீக்கிரம் பழகிவிடும். குரல்களுக்கான கோப்புறையில்தான் நான் தயங்குகிறேன். நான் கேட்டுப் பார்த்த பல தொகுப்புகளில் கோப்பின் பெயரில் வேகம் இருந்தது, சுருதி இருந்தது, ‘ஏக்கம்’, ‘கவர்ச்சி’, ‘எத்னிக்’ என்று ஓர் அடைமொழியும் இருந்தது. பாடியவளின் பெயர் மட்டும் இல்லை.

இந்த இன்மைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1989இல் பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழுவின் ‘ரைட் ஆன் டைம்’ பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் ஒலித்தது லொலீட்டா ஹாலோவே 1980இல் பாடிய ‘லவ் சென்சேஷன்’ பாட்டின் துணுக்குகள். மேடையில் வாயசைத்தவர் ஒரு மாடல் பெண். அடுத்த ஆண்டு சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரியின் ‘கொன்னா மேக் யூ ஸ்வெட்’ வந்தது. பாடியவர் மார்த்தா வாஷ். காணொளியில் தோன்றியவர் மெலிந்த உடல்கொண்ட வேறொரு பெண். வாஷ் வழக்குத் தொடுத்தார். பாடியவரின் பெயரைக் குறிப்பிடும் நடைமுறை வலுப்பட்டதில் அவருடைய போராட்டத்துக்குப் பங்குண்டு. பருமனான கறுப்பினப் பெண்ணின் குரல் வேண்டும், அவள் உடல் வேண்டாம் என்பதே அந்தத் தொழில் எடுத்த முடிவு. சாம்பிள் பேக்கில் மறைக்க உடலே இல்லை. அதனால் வழக்குத் தொடுக்கவும் யாரும் வருவதில்லை.

இன்னொரு குரல் சாலமன் தீவுகளின் மலைட்டாவிலிருந்து வந்தது. அஃபுனக்வா என்ற பெண் ஒரு தாலாட்டைப் பாடினார். பெற்றோரை இழந்த குழந்தையை மூத்தவர் தேற்றும் பாட்டு அது. இனவிசையியலாளர் ஊகோ ஸெம்ப் பதிவு செய்ததை யுனெஸ்கோ வரிசை இசைத்தட்டாக வெளியிட்டது. 1992இல் டீப் ஃபாரெஸ்ட் என்ற பிரெஞ்சு இரட்டையர் அதில் நடனத் தாளம் சேர்த்து ‘ஸ்வீட் லல்லபை’ ஆக்கினார்கள். ஆப்பிரிக்கக் காட்டு மக்களின் குரல் என்று நினைத்துக் கேட்டவர்கள் பலர். ஒரு சாவைத் தேற்றிய குரல், எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் உலகம் முழுக்க ஒலித்தது.

எதிர்வாதங்கள் உண்டு. டிரம் ஒலியும் ஒருவருடைய உழைப்புதானே, குரலை மட்டும் ஏன் புனிதமாக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1969இல் ‘ஏமன், பிரதர்’ பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சில விநாடித் தாளம் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் புழங்குகிறது. அவர் 2006இல் இறந்தபோது அதற்காக ராயல்டி எதுவும் பெற்றிருக்கவில்லை. எனவே குரலுக்கான என் கேள்வி தாளத்துக்கும் பொருந்தும்.

இரண்டாவது வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பெயர் வேண்டாம் என்று அவளே நினைத்திருக்கலாமே? இரவு விடுதிக்கான பாட்டில் தன் குரல் இருப்பது வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று கருதும் பெண்கள் இருக்கக்கூடும். புனைபெயரில் ஒளிந்து எழுதிய பெண்களின் வழிவந்த நாம் பெயரின்மையை இழிவு என்று சொல்லிவிட முடியாது. சில வேளைகளில் அதுதான் பாதுகாப்பு. ஆனால் அவள் தேர்ந்துகொண்ட மறைவும், அவளைக் கேட்காமல் நேர்ந்த அழிப்பும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. தனக்குத் தானே ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளும் வாய்ப்பாவது அவளுக்கு இருந்ததா என்பதே கேள்வி.

சங்கப் பாடல்கள் நடத்தும் எனக்கு இங்கே செம்புலப்பெயனீராரும் தேய்புரிப் பழங்கயிற்றினாரும் நினைவுக்கு வருகிறார்கள். இயற்பெயர் தெரியாத அந்தக் கவிகள் அவர்களுடைய பாட்டின் தொடராலேயே அழைக்கப்பட்டார்கள். பெயர் தொலைந்த இடத்தில் அவர்கள் செய்தது பெயரானது. ‘பெண், ஏக்கம், 124’ என்ற கோப்புப் பெயரோ அவளை எதற்குப் பயன்படுத்தலாம் என்று மட்டும் சொல்கிறது.

எனவே இப்போது என் தேர்வுமுறை இது. பாடியவரின் பெயரோ புனைபெயரோ இருக்கும் தொகுப்புகளையே வாங்குகிறேன். என் பாட்டின் விவரக் குறிப்பில் அதை எழுதுகிறேன். அவருக்கு உரிய கூலி கிடைத்ததா என்பதற்கு இது பதிலாகாது. பெயர் கொடுத்துவிட்டுக் கூலியைக் குறைப்பதும் நாம் அறிந்த தந்திரம்தான். பெயரில்லாத கோப்புகளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுகிறேன். அதனால் என் பாட்டுகள் சில மெலிந்துதான் போகின்றன. வேறு வழியில்லாத இடத்தில் நானே பாடிக்கொள்கிறேன். பயிற்சியில்லாத குரல், சுருதி லேசாக விலகும். ஆனாலும் அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.