இன்னொரு கயிறு எதற்கு?

காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற ஊரில், பழைய ஊருணியைத் தூர்வார ஜமாஅத் பணத்தை எடுக்கலாமா? ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிற எங்கள் சிற்றூரில் இதுதான் இப்போது பேச்சு. என்னிடம் படித்த தம்பி ஒருவர் வீடு தேடி வந்து கேட்டார்: "அல்லாஹ் ஒரு வழியைத் தந்திருக்கும்போது இன்னொன்றைத் தேடி வைப்பது தவக்குலில், அவன்மேல் வைக்கும் நம்பிக்கையில், குறை இல்லையா, டீச்சர்?"

நான் ஆலிமா அல்ல, அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்ற நபிமொழியைச் சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். அது அவருக்கும் தெரியும். ஒட்டகத்தைக் கட்டியாகிவிட்டதே, இன்னொரு கயிறு எதற்கு என்பதுதான் அவர் கேள்வி.

மார்க்கமே மாற்று வழி வைத்திருக்கிறது. ஒளுச் செய்யத் தண்ணீர் இல்லையென்றால் தயம்மும். சுத்தமான மண் போதும். தண்ணீர் இருந்தும் அது குடிக்க மட்டுமே காணும் என்றால், அதைக் குடிக்க வைத்துவிட்டு மண்ணைத் தொடச் சொல்கிறது நாங்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபு. கூட வந்தவரின் தாகமும், வாயில்லா ஜீவனின் தாகமும் அந்தக் கணக்கில் சேரும். தொழுகைக்குத் தண்ணீரின் இடத்தில் மண் நிற்கும். தாகத்துக்கு நிற்காது. இறைவன் மாற்று தராத இடம் அது. அங்கே முன்னேற்பாடு நம் பொறுப்பு என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

தம்பி விடவில்லை. "ஹாஜரா அம்மையார் பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் ஏழு தடவை ஓடினார்கள். ஓடிய இடத்தில் தண்ணீர் வரவில்லை, பிள்ளை கிடந்த இடத்தில் வந்தது. அப்போ ஓட்டத்தால் என்ன பலன்?"

நல்ல கேள்வி. ஆனால் ஹஜ்ஜில் நமக்கு எது கடமையாக்கப்பட்டிருக்கிறது? பிள்ளை கிடந்த இடத்தில் பொங்கிய ஸம்ஸமைக் குடிப்பது சுன்னத்து. ஸஃபா, மர்வாவுக்கிடையே தொங்கோட்டம் ஓடாமல் எங்கள் மத்ஹபில் ஹஜ்ஜே நிறைவேறாது. பலன் தராத அந்த ஓட்டத்தைத்தான் இத்தனை நூற்றாண்டுகளாக உலகமே திரும்ப ஓடுகிறது. ஊற்றுப் பொங்கியதும் அம்மையார் செய்த காரியத்தையும் பாருங்கள்: கையால் மண்ணை அணைத்துக் கரை கட்டினார்கள், தோல்பையை நிரப்பிக்கொண்டார்கள்.

அற்புதம் நடந்த அந்த ஊருக்கே ஒரு கிணறு போதவில்லை. ஹஜ்ஜுக்கு வந்தவர்கள் தண்ணீருக்குத் தவித்ததைக் கண்டு, ஹாரூன் ரஷீதின் மனைவி சுபைதா ஹுனைன் பள்ளத்தாக்கிலிருந்து மக்காவுக்குக் கால்வாய் வெட்டிக் கொடுத்தார். இன்று அந்த நகரம் குடிப்பதில் பெரும்பகுதி, ஷுஐபாவில் உப்பு நீக்கிய செங்கடல் தண்ணீர். ஸம்ஸமை நம்பாததால் சுபைதா கால்வாய் வெட்டினார் என்று யாரும் சொன்னதில்லை.

எங்கள் குழாய்த் தண்ணீர் திருச்சிப் பக்கத்துக் காவிரி மணலிலிருந்து புறப்பட்டு, மாவட்டங்களைத் தாண்டி வருகிறது. வழியில் எங்கோ குழாய் உடைந்தாலும், மோட்டாருக்குக் கரண்டு இல்லாவிட்டாலும், இங்கே தள்ளுவண்டியில் காலிக் குடங்கள் வரிசை கட்டும். லாரித் தண்ணீர் குடத்துக்கு விலை ஏறும். அப்போதுதான் எல்லாருக்கும் ஊருணி ஞாபகம் வரும்.

ஊருணி வெறும் குளம் அல்ல. கடற்கரை மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1, கடல்நீருக்கு 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பு விலகி நிற்கும். அந்த ஓரடியை இறைத்துத் தீர்த்தால் 40 அடி உப்பு மேலேறும். ஐப்பசி, கார்த்திகை மழையை ஊருணி பிடித்து வைத்தால் சுற்றியுள்ள கிணறுகள் கைக்காமல் இருக்கும். வரத்துக்கால் மேல் வீடு கட்டிவிட்டு மழைத் தொழுகைக்குத் திடலில் கூடுவதில்தான் எனக்குத் தவக்குலின் குறை தெரிகிறது.

தம்பி கொண்டுவந்த மதிப்பீட்டைப் படித்துப் பார்த்தேன். தூர்வார, கரை போட, வரத்துக்கால் திருத்த என்று ஒவ்வொன்றுக்கும் தொகை எழுதிக் கடைசியில் கம்பிவேலி, கேட்டு, பூட்டு என்றிருந்தது. நாம் செலவழிக்கும் ஊருணிக்குக் கீழத்தெருக்காரர்கள் வந்து மொண்டால் என்ன செய்வது என்று கமிட்டியில் பேசினார்களாம்.

ஸம்ஸமைப் பார்த்துவிட்டு வந்த ஜுர்ஹும் கூட்டத்தார், பக்கத்தில் தங்கிக்கொள்ளலாமா என்று ஹாஜரா அம்மையாரிடம் கேட்டார்கள். தங்கலாம், ஆனால் தண்ணீரில் உங்களுக்கு உடைமை கிடையாது என்றார்கள் அம்மையார். குடிக்க யாருக்கும் தடை சொல்லவில்லை. அந்தச் சம்மதத்தில்தான் ஓர் ஊரே உண்டானது. இரண்டாவது வழி உள்ளவன் அதைப் பூட்டி வைத்தால், அவன் நம்புவது பூட்டைத்தான்.

கடைசி வரியை அடித்துவிட்டால் என் பென்ஷனில் ஒரு பங்கு தருகிறேன் என்று சொல்லி, காகிதத்தைத் தம்பி கையிலேயே கொடுத்தனுப்பினேன்.